பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: மதுரைப் பட்டறையில் ஒரு பல்லிப் பட்டை

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சாமி படக் கடைகளில் பிரேமுக்குப் போடுவது பெரும்பாலும் 2 மி.மீ. கண்ணாடி. இரண்டடிக்கு மூன்றடி தாள் ஒன்று மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எடை ஒரு பொருட்டே இல்லை. ஸ்டாண்டில் சாய்த்து அடுக்கியிருக்கும் கட்டிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி எடுப்பதில்தான் சிரமம். பழைய துணியைச் சுற்றிக்கொண்டு விளிம்பைப் பிடித்து இழுக்கிறார்கள்; துணி நழுவினால் கை கிழிகிறது. வேக்கம் கப் வைத்தால் இவ்வளவு மெல்லிய தாள் கப்பின் பக்கம் குவிகிறது. விளிம்பில் வெட்டும்போது விழுந்த பொடிக் கீறல் ஏதாவது இருந்தால், அங்கிருந்து விரிசல் ஓடிவிடுகிறது.

இதற்காகக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், கப்பலூர்ப் பக்கம் ரப்பர் வார்ப்புப் பட்டறை நடத்தும் தன் நண்பரிடம் கேட்டுச் செய்ய வைத்ததுதான் இங்கே நான் எழுதும் பட்டை. பல்லியின் விரல் போல ஒரு பக்கமாக இழுத்தால் பிடிக்க வேண்டும், இழுப்பைத் தளர்த்தினால் தானாக விட வேண்டும். பசை கூடாது, கண்ணாடியில் கறை கூடாது. பாலிமர் பாடம் நடத்துகிறவன், பட்டறைகளுக்குக் கலவை ஆலோசனையும் சொல்கிறவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டபோது, முதல் மாதிரி ஏற்கெனவே மேசையில் இருந்தது. ஃபோர்மன் அதை ஒரு கண்ணாடித் துண்டில் அழுத்திக் காட்டினார்.

"பிடிக்குது சார். நல்லாவே பிடிக்குது. ஆனா விட மாட்டேங்குது."

இந்த நிகழ்வு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களைச் சுற்றியதுதான்.

பட்டை எப்படி வேலை செய்ய வேண்டும்

பல்லியின் விரலடியில் பசை எதுவும் இல்லை. மடிப்பு மடிப்பான தோலில் நுண்மயிர்கள் இருக்கின்றன. டோக்கே வகைப் பல்லியில் ஒரு மயிரின் நீளம் சுமார் 100 மைக்ரான். அதன் நுனி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, 200 நானோமீட்டர் அகலமுள்ள தட்டைக் கரண்டிகளாக முடிகிறது. 2000-ஆம் ஆண்டு கெல்லர் ஆட்டம் குழுவினர் ஒற்றை மயிரின் பிடியை அளந்தார்கள். சரியான திசையில் லேசாக இழுத்து வைத்தபோது அது சுமார் 200 மைக்ரோநியூட்டன். அதாவது ஒரு மயிர் 20 மில்லிகிராம் எடையைத் தாங்குகிறது. மயிரின் தண்டு சுவரோடு கிட்டத்தட்ட 30 பாகைக் கோணத்தைத் தாண்டும்போது பிடி விட்டுவிடும். இது வேதிப்பசை அல்ல, மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது எழும் வான்டெர் வால்ஸ் விசை என்பதற்கு 2002-இல் அதே குழு சான்று காட்டியது.

இதைப் பொறியியலில் எளிமையாக்கியவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கட்காஸ்கியின் குழுவினர். 2009-இல் அவர்கள் வெளியிட்ட வடிவம் சாய்ந்த நுண் ஆப்புகளின் வரிசை. ஆப்பு சும்மா நிற்கும்போது அதன் கூர்நுனி மட்டுமே கண்ணாடியைத் தொடுகிறது, பிடி இல்லை. பரப்போடு இணையாக, ஆப்பு சாய்ந்த வாக்கில் இழுத்தால் அது வளைந்து, தன் தட்டையான பக்கத்தைக் கண்ணாடிமேல் படுக்க வைக்கிறது. தொடும் பரப்பு பல மடங்காகி, பிடி வருகிறது. இழுப்பை எடுத்தால் ஆப்பு நிமிர்கிறது, பிடி போகிறது. எதிர்த் திசையில் இழுத்தால் பிடிப்பதே இல்லை.

கவனிக்க வேண்டியது, ஒரே ஆப்பு மூன்று வேலை செய்கிறது. வளைய வேண்டும், படுத்துப் பொருந்த வேண்டும், மறுபடி நிமிர வேண்டும். முதல் இரண்டும் மென்மையைக் கேட்கின்றன. மூன்றாவது விறைப்பைக் கேட்கிறது.

முதல் மாதிரி ஏன் விடவில்லை

பட்டறையில் அச்சு செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. திசுவைச் சீவ நோய்க்குறியியல் ஆய்வகங்களில் பயன்படும் மைக்ரோடோம் பிளேடை மில்லிங் மெஷினில் சாய்வாகக் கட்டி, மெழுகுக் கட்டியில் ஒரு கோடு இறக்கி, எடுத்து, ஒரு தலைமுடி அகலம் நகர்த்தி, மறுபடி இறக்கி, வரிசை வரிசையாகக் கீறியிருந்தார்கள். மெழுகில் பிளேடு கொண்டு ஆப்பு அச்சு செய்யும் முறையையும் ஸ்டான்ஃபோர்ட் குழுதான் 2013-இல் வெளியிட்டது. அந்தக் கீறல்களுக்குள் இரண்டு பாகமாகக் கலக்கும் பிளாட்டினம் வகை சிலிக்கோனை ஊற்றி, உறைந்ததும் உரித்தால் ஆப்பு வரிசை கிடைக்கும்.

குறை அச்சில் இல்லை. பட்டையை விரலால் தொட்டதுமே பிசுபிசுப்பு தெரிந்தது. கண்ணாடியிலிருந்து பிய்த்த இடத்தில் சாய்வாக வெளிச்சம் காட்டினால் மெல்லிய எண்ணெய்ப் படலம் போல ஒரு தடம். எதிர்த் திசையில் இழுத்துப் பார்த்தேன், அப்போதும் அதே பிடி. திசை என்பதே அந்தப் பட்டைக்கு இல்லாமல் போயிருந்தது.

காரணம் அந்த மேசைதான். இயற்கை ரப்பரைக் கந்தகம் கலந்து அரைத்து, வெட்டி, எடை போடும் மேசை அது. பிளாட்டினம் வினையூக்கிக்குக் கந்தகம் நஞ்சு; அமீன்களும் வெள்ளீயச் சேர்மங்களும் அப்படியே. கந்தகம் பட்ட இடத்தில் சிலிக்கோன் பாதிதான் உறையும். ஃபோர்மன் போட்டிருந்த ரப்பர் கையுறையில்கூடக் கந்தகம் உண்டு. வார்ப்பை வேறு அறைக்கு மாற்றி, வினைல் கையுறை போட்டு, புதிய கிண்ணத்தில் கலக்கச் சொன்னேன். அடுத்த வார்ப்பு பிசுக்கில்லாமல் வந்தது.

பாதி உறைந்த பட்டை இரு திசையிலும் பிடித்ததற்கு விளக்கம் ஒட்டுநாடாத் துறையில் இருக்கிறது. 3எம் நிறுவனத்தில் இருந்த கார்ல் டால்குவிஸ்ட் வகுத்த ஒரு வரம்பு உண்டு. பொருளின் விறைப்பைச் சொல்லும் அளவான மீட்சிக் குணகம் சுமார் 100 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் அது தொட்ட மாத்திரத்திலேயே பரப்பின் மேடுபள்ளங்களுக்குள் வழிந்து ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப்பின் பசை அந்த ரகம். அதற்கு வடிவம் தேவையில்லை, திசை தேவையில்லை. விடுவிக்க வேண்டுமானால் பிய்க்கத்தான் வேண்டும். பட்டறையின் முதல் பட்டை ஆப்பு வடிவத்தில் வார்த்த ஒரு செல்லோடேப்.

பல்லி இங்கே செய்திருக்கும் காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பு. மயிரின் பொருள் நம் நகத்தைப் போன்ற கெரட்டின். குணகம் ஒரு கிகாபாஸ்கலுக்கு மேல். டால்குவிஸ்ட் வரம்பைவிடப் பதினாயிரம் மடங்கு விறைப்பு. ஆனால் அதை மெல்லிய, சாய்ந்த மயிர்க்காடாக நட்டிருப்பதால், அந்தக் காட்டை மேலிருந்து அழுத்தும்போது கிடைக்கும் குணகம் சுமார் 100 கிலோபாஸ்கல்தான் என்று 2006-இல் அளந்திருக்கிறார்கள். விறைத்த பொருளால் ஒட்டுநாடாவின் மென்மையை உண்டாக்கியிருக்கிறது. பொருள் விறைப்பாக இருப்பதால் நிமிர்கிறது, தூசியை உதறுகிறது, எளிதில் தேய்வதில்லை. அமைப்பு மென்மையாக இருப்பதால் சுவரோடு பொருந்துகிறது. பொருளின் விறைப்பையும் அமைப்பின் விறைப்பையும் பிரித்துப் பார்க்காமல் இந்த விஷயத்தில் ஒரு அடிகூட நகர முடியாது.

மெத்தென்றும் விறைத்தும்

ரப்பர்க்காரர்கள் குணகத்தைப் பேசுவதில்லை, ஷோர் பேசுவார்கள்; ஊசி அழுத்திப் பார்க்கும் கடினத்தன்மை எண் அது. ஆலன் ஜென்ட் 1958-இல் தந்த சமன்பாட்டின்படி ஷோர் ஏ 10 என்றால் சுமார் 0.4 மெகாபாஸ்கல், 30 என்றால் 1.1, 50 என்றால் 2.5, 70 என்றால் 5.5. பார்வைக்கு ஷோர் எண் ஏழு மடங்கு ஏறியிருக்கிறது. உண்மை விறைப்போ பதின்மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. பட்டறையில் "பத்து ஷோர் கூட்டிப் பார்ப்போம்" என்று சொல்லும்போது இதை மனதில் வைக்க வேண்டும். அடியில் பத்து கூட்டுவதும் மேலே பத்து கூட்டுவதும் ஒன்றல்ல.

ஒரே அச்சில் மூன்று விறைப்பில் வார்க்கச் சொன்னேன்: மெத்தென்ற ஷோர் 10, நடுவில் ஒன்று, கெட்டியாக 60-ஐத் தாண்டிய ஒன்று. சோதனைக்கு ஸ்பிரிங் தராசு, கண்ணாடித் துண்டு, ஒரு கைப்பேசி மேக்ரோ லென்ஸ். கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், ஆப்பு தொட்ட இடம் மட்டும் கருமையாகத் தெரியும். இழுக்க இழுக்க அந்தக் கருங்கோடுகள் அகலமாகும். விட்டதும் மெலிந்து மறையும். பட்டையின் நாடியை அதிலேயே படித்துவிடலாம்.

மெத்தென்ற பட்டையில் இழுக்கும் முன்பே கோடுகள் அகலமாக இருந்தன. அழுத்திய உடனேயே ஆப்புகள் சரிந்துவிட்டன என்று அர்த்தம். இழுப்பை விட்டபோது சில இடங்களில் கோடு மெலியவே இல்லை. இன்னும் மோசம், பக்கத்துப் பக்கத்து ஆப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இரட்டைக் கோடுகளாகியிருந்தன. இரண்டு ஆப்பு தொட்டுக்கொண்டால், அவற்றைப் பிரிக்கக்கூடியது வளைந்த ஆப்பு நிமிரத் துடிக்கும் அந்த விசை மட்டும்தான். அது ஒட்டும் விசைக்குக் குறைவாக இருந்தால் ஒட்டியது ஒட்டியதுதான். பட்டை கண்ணாடியை விடாததற்கும் இதே கணக்கு.

கெட்டிப் பட்டையில் இதற்கு நேர்மாறு. கோடுகள் நூலாக மெலிந்து, அங்கங்கே விட்டு விட்டுத் தெரிந்தன. கண்ணாடி நம் கண்ணுக்குத் தட்டை. ஆப்பு நுனிக்கு அல்ல. அச்சில் பிளேடு இறங்கிய ஆழமும் வரிசைக்கு வரிசை கொஞ்சம் மாறும். உயரமான ஆப்புகள் தொட்டு நிற்க, குட்டை ஆப்புகள் அந்தரத்தில் நின்றன. பலமாக அழுத்தினால் எல்லாம் தொட்டன, பிடியும் வந்தது, விடும்போது சுத்தமாக விட்டது. ஆனால் 2 மி.மீ. கண்ணாடியைப் பலமாக அழுத்துவதைத் தவிர்க்கத்தானே இவ்வளவும்?

கெட்டிப் பொருள் உதவாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1971-இல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் மூவரும் தந்த கோட்பாட்டில், ஓர் உருண்டையைத் தட்டைப் பரப்பிலிருந்து பிரிக்கத் தேவையான விசையில் குணகம் வருவதே இல்லை. உருண்டையின் ஆரமும் ஒட்டும் ஆற்றலும்தான் வருகின்றன. விறைப்பு தடுப்பது தொடுதலைத்தான். தொட வழி செய்துவிட்டால் விறைத்த பொருளும் பிடிக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரொனால்ட் ஃபியரிங் குழு நாற்காலி வார்க்கும் அதே பாலிப்ரொப்பிலீனை ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனுள்ள இழைகளாக்கிக் காட்டியது. தட்டையாக இருந்தால் வழுக்கும் அந்தப் பிளாஸ்டிக், இழைக்காடானதும் கண்ணாடியை இறுகப் பற்றியது. இழைகளைச் சாய்த்தபோது திசையும் வந்தது.

ஆப்பை வளைக்கத் தேவையான விசை குணகத்துக்கு நேர் விகிதம். ஆனால் தடிமனின் மும்மடிக்கும் நேர் விகிதம், நீளத்தின் மும்மடிக்கு எதிர் விகிதம். ஆகவே குணகம் இரட்டிப்பானாலும் ஆப்பின் தடிமனை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் பழைய வளைவு வந்துவிடும். பெர்க்லி இழைகள் அதைத்தான் செய்கின்றன. நம் பட்டறையின் பிளேடும் மெழுகும் அவ்வளவு மெல்லியதாகக் கீறாது என்பதால், வடிவத்தை அப்படியே வைத்துப் பொருளின் விறைப்பை மாற்றுவதே நடைமுறை.

நடுப்பட்டை, அதாவது ஒன்று முதல் இரண்டு மெகாபாஸ்கல் வரையிலானது, நன்றாக நடந்துகொண்டது. இந்த வரம்புக்குள் நுணுக்கமாகத் திருத்த ஒரு வசதியும் உண்டு. சில்கார்டு 184 என்ற பிரபலமான சிலிக்கோனை 25 பாகையில் உறைய விட்டால் குணகம் சுமார் 1.3 மெகாபாஸ்கல், 200 பாகையில் உறைய வைத்தால் கிட்டத்தட்ட 3 என்று 2014-இல் வெளியான அளவீடு சொல்கிறது. மெழுகு அச்சில் வைத்துச் சூடாக்க முடியாது, உருகிவிடும். ஆனால் உரித்தெடுத்த பிறகு பட்டையை அடுப்பில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பை ஏற்றலாம். ஆப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுவது நிற்கும்வரை ஏற்றி, அங்கே நிறுத்தினோம்.

கோடையில் மென்மையாகிவிடாதா என்று கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. சிலிக்கோன் கண்ணாடி போல் இறுகும் வெப்பநிலை சுழிக்குக் கீழே சுமார் 120 பாகை. மதுரையின் சித்திரை வெயிலும் மார்கழிப் பனியும் அதற்கு ஒன்றுதான். பாலியூரித்தேன் வகைகளில் இந்த நிம்மதி கிடையாது. ஈரப்பதமும் சிலிக்கோனை அவ்வளவாகத் தொடாது. பல்லிக்குத் தொடும். காற்றில் ஈரம் கூடினால் கெரட்டின் மென்மையாகிப் பிடி கூடுகிறது என்று 2010-இல் ஆட்டம் குழுவினர் காட்டினார்கள். அதற்கு முன்பு வரை ஈரத்தால் வரும் கூடுதல் பிடியை நீர்ப்படலத்தின் இழுவிசை என்றே பலர் எண்ணியிருந்தனர்.

முதுகில் இருந்த சிக்கல்

சரியான ஆப்பு கிடைத்தும் உள்ளங்கை அளவுப் பட்டை, விரலளவுத் துண்டு தந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. பரப்பு பல மடங்கு, பிடி அந்த அளவுக்கு ஏறவில்லை. லென்ஸில் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. இழுக்கும் விளிம்பின் பக்கம் ஆப்புகள் முழுக்கப் படுத்துக் கறுத்திருந்தன. பின்விளிம்பில் இன்னும் நுனியிலேயே நின்றன. பட்டையின் முதுகு வெறும் சிலிக்கோன் என்பதால் அது நீள்கிறது. சுமை முழுவதும் முன்விளிம்பில் குவிகிறது. அங்கே பிடி அறுந்ததும் அடுத்த வரிசை, அதற்கடுத்தது என்று பட்டை முழுவதும் உரிந்துபோகிறது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபிரட் கிராஸ்பியும் டங்கன் இர்ஷிக்கும் 2012-இல் வெளியிட்ட வேலை இங்கேதான் கைகொடுத்தது. மீளக்கூடிய ஒட்டுப்பட்டையின் பிடி, தொடும் பரப்பை இழுக்கும் திசை நெகிழ்ச்சியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம் என்பது அவர்கள் கண்ட உறவு. இழுக்கும் திசையில் நெகிழ்ச்சியைக் கால் பங்காக்கினால் பிடி இரட்டிப்பாகும். அவர்களுடைய பட்டையில் நுண்மயிரே இல்லை. மென்மையான பாலிமரை விறைத்த துணியில் ஊட்டியதுதான். கை அகலத் துண்டு கண்ணாடியில் சுமார் 300 கிலோ தாங்கியது. நுண்மயிர்தான் எல்லாம் என்று நம்பிக்கொண்டிருந்த துறைக்கு அது பெரிய திருப்பம்.

நமக்குத் தேவை கோரைப்பாயின் குணம்: சுருட்டினால் சுருள வேண்டும், இழுத்தால் நீளக் கூடாது. ஆப்புப் படலத்தை முடிந்தவரை மெல்லியதாக வார்த்து, சிலிக்கோன் ஈரமாக இருக்கும்போதே நெருக்கமாக நெய்த கண்ணாடி இழைத் துணியை அதன் முதுகில் பதித்தோம். பிறகு ஒட்டலாம் என்று விட்டுவிடக் கூடாது. உறைந்த சிலிக்கோனில் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. துணிக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச், அதற்குப் பின்னால் கைப்பிடிப் பலகை. இழுப்பைத் தாங்கும் நாடா பலகையில் இல்லை, துணியிலேயே, பரப்பின் நடுப்பகுதியில் தைத்திருக்கிறது. ஸ்பாஞ்சின் வேலை கண்ணாடியோடு துணி சமமாகப் பொருந்தும்படி பின்னாலிருந்து தள்ளுவது மட்டும்.

இந்த மாற்றத்துக்குப் பின் லென்ஸில் பார்த்தபோது, இழுத்தவுடன் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை கோடுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அகலமாயின. ஃபோர்மன் நாடாவைத் தளர்த்தினார், கோடுகள் மெலிந்தன, பட்டை கையோடு வந்தது. "இப்ப விடுது சார்" என்றார். ஆப்பின் பொருளில் எதையும் மாற்றவில்லை; விறைப்பைச் சேர்த்தது முதுகில், அதுவும் நீள்வதற்கு எதிராக மட்டும்.

ஸ்டான்ஃபோர்ட் குழு இதே சுமைப் பங்கீட்டை வேறு வழியில் தீர்த்தது. 2015-இல் 70 கிலோ மனிதர் ஒருவர் கண்ணாடிச் சுவரில் ஏற அவர்கள் கொடுத்த ஒவ்வொரு கைப்பட்டையின் பரப்பும் 140 சதுர செ.மீ. அதைச் சின்னச் சின்ன ஓடுகளாகப் பிரித்து, இழுக்க இழுக்க விறைப்புக் குறையும் தனி ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றையும் கட்டியிருந்தார்கள். எந்த ஓடும் தன் பங்குக்கு மேல் சுமக்காது. அங்கே ஒரு சதுர செ.மீ. தாங்கியதில் பதினைந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே, 100 சதுர செ.மீ. பட்டையால் நம் மூன்று கிலோத் தாள் நிற்கும். ஸ்பிரிங் வரிசைக்கு நமக்கு அவசியமில்லை. இருந்தாலும் தலைக்கு மேலே போகும் கண்ணாடி என்பதால் இரண்டு கைக்கும் இரண்டு பட்டை, விளிம்பில் ஒரு தாங்கி என்று வற்புறுத்தினேன்.

பொடி

கடைக்குப் போனதும் வேறு ஒன்று தெரிந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் கட்டில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவு போன்ற பொடியைத் தூவியிருப்பார்கள். பட்டறையில் துடைத்த கண்ணாடியில் பிடித்த பட்டை, கட்டிலிருந்து நேரே எடுத்த தாளில் பிடி இழந்தது. ஆப்பு வரிசைகளுக்கு இடையே பொடி உட்கார்ந்து, ஆப்பு படுக்க இடம் தரவில்லை. இங்கேயும் விறைப்பின் வேலை தெரிந்தது. தட்டினால் நடுப்பட்டையிலிருந்து ஓரளவு உதிர்ந்தது, ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்தால் மிச்சமும் வந்தது. மெத்தென்ற பட்டையில் பொடி புதைந்தே போனது. பல்லி, தூசி படிந்த காலோடு சில அடிகள் நடந்தாலே பிடியை மீட்டுக்கொள்ளும் என்று 2005-இல் காட்டியிருக்கிறார்கள். சிலிக்கோன் ஆப்பால் அது முடியாது. கட்டின் பக்கத்திலேயே ஈரத்துணி ஒன்றும் உலர்துணி ஒன்றும் தொங்குகின்றன. பட்டை வைக்கும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு வைக்கிறார்கள். பட்டையைச் சாயங்காலம் தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறார்கள்.

கடையில் இப்போது பிரேம் கண்ணாடிக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் இந்தப் பட்டைதான். பூ வேலை செய்த சொரசொரப்புக் கண்ணாடியில் அது பிடிக்கவில்லை. அந்த மேடுபள்ளங்கள் ஆப்பின் உயரத்தைவிடப் பெரியவை. அதற்கு உயரமான ஆப்பும், அந்த உயரத்திலும் சரியாமல் நிற்க இன்னும் விறைத்த கலவையும் வேண்டும். அதற்கான மெழுகுக் கட்டியைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பூக்கண்ணாடியைத் தோல் கையுறை போட்டு, பழையபடி விளிம்பைப் பிடித்தே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.